நாற்பத்தேழு விநாடி

திருப்பதி
12 ஜனவரி 2025

டைட்டஸ் அவர்களுக்கு,

சபை ஆயர் சொன்னபடி முதல் கடிதம். வாரத்துக்கு ஒன்று, ஆளுக்கு மூன்று. அதுவரை போன் கிடையாது. "போன்ல ரெண்டு பேரும் கத்துறீங்க. பேனாவால கத்த முடியாது, எழுதுங்க" என்றார். ஆறு கடிதம் முடிந்ததும் அவர் வீட்டுக்கு வந்து, சேர்ந்து இருப்போமா மாட்டோமா என்று சொல்ல வேண்டும்.

பேனாவாலும் கத்த முடியும். இன்று வேண்டாம்.

விடுதி பரவாயில்லை. மருத்துவமனைக் கோப்பு அறையில் வேலை பரவாயில்லை. சாப்பாடு மோசம். அறையில் என்னோடு பிரித்திகா என்றொரு பெண். திருத்தணிக்காரி, ஏர்ப்பேட்டுப் பக்கம் போன் கம்பெனியில் வேலை. நேற்று அவள் லேப்டாப்பில் ஒரு தெலுங்குப் படம் பார்த்தோம். ஏழு நாளில் எடுத்ததாம். எங்கும் ஓடவில்லை. ஒரு பெண் ஒரு கையெழுத்துக்காக மண்டல ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

பிரித்திகா இருபது நிமிடம் பொறுத்தாள். "இன்னாக்கா இது, ஒக்காந்துகினே கீறா. எழுந்து போய் நாலு வார்த்தை கேக்க மாட்டாளா?"

எனக்கும் பாதியில் சலிப்பு. இசை தேவையில்லாமல் அழுகிறது. அதிகாரியாக வருபவர் வீட்டுச் சட்டையோடு வந்துவிட்டார். ஆனால் ஓர் இடம். வெளியே ஜீப் சத்தம். கையெழுத்துப் போட வேண்டியவர் வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து வாசலுக்கு ஓடுகிறார்கள். கேமரா ஓடவில்லை. அது அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கிறிஸ்துமஸ் விழாவில் நான் எழுதி நான் நடித்த நாடகம். ஆலை மூடிய பிறகு குடியிருப்பைக் காலி செய்துகொண்டு ஒரு குடும்பம் போகிறது. புருஷன் டிரங்குப் பெட்டியோடு முன்னால் நடக்கிறான். பெண்டாட்டி நின்று திரும்பி, விட்டுப்போகும் வீட்டைப் பார்க்கிறாள். நாற்பத்தேழு விநாடி. பேச்சில்லை. அந்த நாற்பத்தேழு விநாடிக்காகத்தான் மற்ற நாற்பத்திரண்டு நிமிடத்தையும் எழுதினேன்.

உங்கள் வீடியோவில் அந்த நாற்பத்தேழு விநாடியும் சிறப்பு விருந்தினர் ஜீவரத்தினம் ஐயா காரிலிருந்து இறங்குகிறார். கதவைச் சாத்துகிறார். சால்வை வாங்கிக்கொள்கிறார்.

சால்வை நல்ல நிறம்.

லோயிஸ்


சித்தூர்
17 ஜனவரி

லோயிசுக்கு,

சமாதானம். (இப்படி ஆரம்பிக்கச் சொன்னவர் ஆயர்.)

"அவர்களுக்கு" என்று போட்டிருக்கிறாய். பாடகர் குழுவில் நின்ற நாளிலிருந்து என்னை டேய் என்று கூப்பிட்டவள். அம்மா எதிரில் மட்டும்தான் நீங்க, வாங்க. அம்மா கடிதத்தைப் படிக்கவில்லை. கவரைத் தடவிப் பார்த்தாள். "எத்தினி பக்கம் நைனா?" என்றாள். இரண்டு என்றேன். "ரெண்டு பக்கத்துல வரேன்னு ஒரு வார்த்தை இல்லியா?"

இல்லை. ஒரு தெலுங்குப் படம்தான் இருக்கிறது.

லோயிஸ், நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். நேற்று புத்தலப்பட்டில் ஒரு கல்யாணம். தாலி கட்டும்போதே வாசலில் பெண்ணின் தாய்மாமன் வந்தார். கேமராவைத் திருப்பினேன். தாலி இரண்டாவது கேமராவில் இருக்கும். மாமன் இல்லையென்றால் அந்த வீட்டில் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். மணப்பெண் எங்கே போகப் போகிறாள்? நாள் முழுக்க அங்கேதான் இருப்பாள். வந்தவர் போய்விடுவார். பதினோரு வருடமாக என் கழுத்து இப்படித்தான் பழகியிருக்கிறது. கார் சத்தம் கேட்டது, திரும்பினேன். உன்னை விட்டுவிட வேண்டுமென்று திரும்பவில்லை. உன் நாடகத்துக்கு இரண்டாவது கேமரா இல்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. இதுதான் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது உன் தப்பு. படங்களைப் பற்றி எழுத "சும்மா பார்த்தேன்" என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறாய். பின்தொடர்பவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர். அதில் முப்பது பேர் நம் சபை. டிசம்பர் 29 அன்று அதில் எழுதினாய்: "சபை நாடகம். ஒளிப்பதிவு, ஒரு கல்யாண வீடியோக்காரர். கதாநாயகி திரும்பிப் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் பார்த்தது ஒரு பெரியவர் கார்க் கதவைச் சாத்துவதை. இரண்டு தடவை சாத்தினார். முதல் தடவை சரியாக விழவில்லை. நாடகத்தில் பதற்றமான கட்டம் அது ஒன்றுதான்."

மனப்பாடமாகிவிட்டது. சபை வாட்ஸப்பில் அத்தனை பேர் அனுப்பினார்கள்.

உனக்குத் தெரியாத மிச்சக் கதை. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். "என் மனைவி எழுதியதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்றேன். வீட்டுக்கு வந்துதான் உன்னிடம் கத்தினேன். மறுநாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

ஒரு கிறிஸ்துமஸ் நாடகம். இவ்வளவு கோபம் அதற்கு மட்டும்தானா? வேறு ஏதோ இருக்கிறது. இருந்தால் சொல். படத்தைச் சொல்லாதே.

டைட்டஸ்


திருப்பதி
23 ஜனவரி

டைட்டஸ்,

"அவர்களுக்கு" எடுத்தாயிற்று. ஆயர் கவரைப் பிரிப்பாரோ என்று போட்டது.

யார் உன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னது? எழுதியது நான். கூப்பிட்டிருந்தால் நானே வந்து நின்றிருப்பேன், கேட்டிருக்க மாட்டேன். நீ கத்தியதில் எல்லாம் இருந்தது. தொழில், மானம், அம்மாவின் பிரஷர். நீ எழுந்து நின்றது மட்டும் இல்லை. தெரிந்திருந்தால்? தெரியவில்லை. அப்போதும் பஸ் ஏறியிருப்பேன். வேறு முகத்தோடு.

அந்த வரிகளை நீக்க மாட்டேன். அவை நல்ல வரிகள்.

படத்தைச் சொல்லாதே என்கிறாய். சொல்கிறேன். கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு கூத்து. யாரோ முழுதும் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் நாற்பத்தோரு பேர். கடைசி நாள், காலை வெயில், ராஜா வேஷக்காரர் களத்தில் விழ வேண்டும். அபாரமான ஆள். வியர்வையில் அரிதாரம் ஒழுகுகிறது, அதையும் நடிப்பாக்குகிறார். திரையின் அடியில் ஒரு டிராக்டர் கடையின் பெயர்ப் பட்டை. அவர் நிற்கும்வரை அது அவர் காலைத்தான் மறைக்கிறது. விழுந்ததும் முகம் பட்டைக்குள் போய்விடுகிறது. கடைசி ஆறு நிமிடம் டிராக்டர் கடையின் போன் நம்பர் சாகிறது.

பிரித்திகா கேட்டாள்: "யாராச்சும் அந்த ஆள கொஞ்சம் மேல நவுத்தக் கூடாதா?"

சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. அந்த மனிதர் இதைப் பார்த்திருப்பாரா?

சரி. வேறு ஏதோ இருக்கிறது.

பெங்களூரில் ஒரு நாடகப் பள்ளி. ஒரு வருடப் படிப்பு. ஜூலையில் தொடக்கம். விண்ணப்பத்தோடு, நானே நடித்ததன் வெட்டாத பதிவு கேட்கிறார்கள். மூன்று நிமிடத்துக்குக் குறையக் கூடாது. முக்கியமான கட்டம் அதில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் நாடகம் எழுதினேன். அதற்காகத்தான் உன்னை எடுக்கச் சொன்னேன். வேறு ஆளை வைக்கலாமா என்று நீயே கேட்டாய். வேண்டாம், நீதான் என்றேன். கடைசி நாள் பிப்ரவரி 15.

ஏன் முன்னால் சொல்லவில்லை என்பாய். சொன்னால் நீ முதலில் அம்மாவைக் கேட்பாய். அம்மா ஆயரம்மாவைக் கேட்பார். ஆயரம்மா சபையைக் கேட்பார். என்னிடம் திரும்பி வரும்போது அது வேறு விஷயமாக இருக்கும்.

லோயிஸ்


சித்தூர்
29 ஜனவரி

லோயிஸ்,

கடிதத்தை இரண்டு தடவை மேஜைமேல் வீசினேன். இரண்டு தடவையும் நானே எடுத்தேன்.

ஒரு வருடம். பெங்களூர். நாடகம் எழுதிய மாதங்கள் முழுக்க ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டோம். நான் அம்மாவைக் கேட்டிருப்பேனாம். ஆமாம், கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு உன் பக்கம் நின்றிருப்பேனா என்று நீ ஏன் பார்க்கவில்லை? அந்த இடத்துக்கு நீ என்னை வரவே விடவில்லை. கமிட்டி எதிரில் நின்றதைவிட இதுதான் எனக்கு அவமானம்.

டிராக்டர் பட்டைக்கு வருகிறேன். அந்தப் பட்டை இல்லையென்றால் அந்த வீடியோவே கிடையாது. அடியில்தான் போட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். எடுத்தவனைத் திட்டாதே. ஆனால் விழப்போகிறார் என்று தெரிந்தால் கேமராவை ஒரு சாண் தாழ்த்தியிருக்கலாம். நானாக இருந்தால் தாழ்த்தியிருப்பேன். (சிரிக்காதே.)

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கேட்டில் நின்றேன். நாடகத்தன்று யார் யார் போனில் எடுத்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. இருபத்து மூன்று போன். அத்தனையும் வாங்கிப் பார்த்தேன். கார் சத்தம் கேட்டதும் இருபத்து மூன்றும் கேட்டுப் பக்கம் திரும்பியிருக்கின்றன. இருபத்து மூன்றிலும் ஜீவரத்தினம் ஐயா. முன்னால், பின்னால், பக்கவாட்டில், ஒன்றில் அவர் முழங்கை மட்டும். பெரிய சினிமாவில்கூட ஒரு கதவு சாத்துவதை இத்தனை கேமரா வைத்து எடுக்க மாட்டார்கள்.

கடைசியில் அவரே வந்து நின்றார். என்ன தேடுகிறாய் என்றார். சொன்னேன். "அந்தக் கதவு சரியா மூடாது பா. பழைய வண்டி. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டது கமிட்டிதான், அவருக்காக. "மைக் செட்டுக்காரன கேட்டியா?" என்று கேட்டவரும் அவர்தான்.

கோவர்த்தனனை உனக்குத் தெரியும். மைக் செட்டு. அன்றைக்குப் புது ஸ்பீக்கர் பாக்ஸ் கொண்டுவந்திருந்தான். அதன் சத்தம் எப்படி என்று கூட்டாளிக்கு அனுப்ப, போனில் எடுத்து வைத்திருக்கிறான். "நாடகம் எங்கன்னா எடுத்தேன், கொத்த பாக்ஸ்தான் எடுத்தேன்" என்கிறான், பாதித் தெலுங்கில். பாக்ஸுக்குப் பின்னால் மேடை.

கிடைத்துவிட்டது. இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. பார்க்காமல் பென் டிரைவில் போட்டு அனுப்ப மாட்டேன்.

டைட்டஸ்


(அஞ்சலட்டை)
திருப்பதி
3 பிப்ரவரி

பென் டிரைவ் வரவில்லை. நீ பார்த்து முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டுமா? என் முகம் தெரியாவிட்டாலும் அனுப்பு. தலை தெரிகிறதா, காது தெரிகிறதா, எதுவானாலும். போதுமா போதாதா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். 15 கடைசி. இது என் மூன்றாவது கடிதமாக ஆயரின் எண்ணிக்கையில் வருமென்றால் வரட்டும். தபால்காரர் படித்தாலும் சரி.

லோ.


சித்தூர்
6 பிப்ரவரி

லோயிஸ்,

பென் டிரைவ் தனியாக வருகிறது. தபாலில் நம்பிக்கை இல்லை, கண்டக்டர் ஜெகநாதனிடம் கொடுத்திருக்கிறேன். பஸ் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்.

உன் பக்கத்தில் நீ எழுதுகிற மாதிரியே நானும் எழுதிப் பார்த்தேன். நீ மட்டும்தான் எழுத வேண்டுமா?

சும்மா பார்த்தது: ஸ்பீக்கர் பாக்ஸ். மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. ஒளிப்பதிவு, கோவர்த்தனன், நாற்காலியில் உட்கார்ந்தபடி. இடது பாதி முழுக்கக் கறுப்புப் பெட்டி. நடுவில் ஒரு வீடியோக்காரன் கேட்டைப் பார்த்து நிற்கிறான். பின்னால், சின்னதாக, மேடை. புருஷனாக நடிக்கும் கேசவன் டிரங்குப் பெட்டியோடு நடந்து ஓரத்துக்குப் போய்விடுகிறான். பெண்டாட்டி நிற்கிறாள். திரும்புகிறாள். அவள் விட்டுப்போகும் வீடு ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் முகம் நமக்குத் தெரிகிறது. கொஞ்சம் மங்கல்.

முதலில் வருவது நடிப்பு இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அவள் கண் இடமிருந்து வலம் போகிறது. எல்லாத் தலையும் கேட்டுப் பக்கம். பிறகு கண் வீடியோக்காரனிடம் வந்து நிற்கிறது. அது ஆலைக் குடியிருப்பை விட்டுப் போகிற பெண்ணின் முகம் இல்லை. சோறு போட்டு வைத்து மூன்றாவது தடவை என்னைக் கூப்பிடும்போது வருகிற முகம். எனக்கு நன்றாகத் தெரியும்.

பத்தொன்பதாவது விநாடியில் அவள் அவனைத் தேடுவதை விட்டுவிடுகிறாள்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு விநாடி. தோள் இறங்குகிறது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த ஆள் எப்படி நிற்பாரோ அப்படி நிற்கிறாள். இப்போதுதான் வீட்டைப் பார்க்கிறாள். அங்கே வீடு கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனால் நான் வீட்டைப் பார்த்தேன். எந்த ஒத்திகையிலும் நீ இப்படிச் செய்யவில்லை. எல்லா ஒத்திகைக்கும் நான் வந்திருக்கிறேன்.

நம் கல்யாண வீடியோவுக்குப் பிறகு நாம் இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் இருப்பது இதில்தான். எத்தனை தடவை பார்த்தாலும் நான் திரும்பவில்லை.

டைட்டஸ்


திருப்பதி
20 பிப்ரவரி

டைட்டஸ்,

பத்தொன்பதாவது விநாடி. சரிதான். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், பதினெட்டு என்று சொல்லிவிடலாமா என்று. பத்தொன்பதுதான்.

அன்றைக்கு மேடையில் அழிந்துவிட்டது என்று நினைத்த இடம் அது. அதனால்தான் அவ்வளவு கோபம். நாலு வருடமாக என் நடிப்பைப் பற்றி நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா இருந்திச்சி." இப்படிப் பார்க்கத் தெரிந்தவன் இதுவரை எங்கே இருந்தாய்?

அதையே அனுப்பினேன். வெட்டவில்லை. ஸ்பீக்கர் பாக்ஸ், நீ, எல்லாம். நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். மார்ச் 8, காலை பதினொன்று. அதே கட்டத்தை நேரில் செய்ய வேண்டும். உடன் நடிக்க ஓர் ஆளை நானே கூட்டிவர வேண்டும். கேசவனுக்கு ஸ்ரீசிட்டியில் ஷிப்ட், வரமுடியாது. பிரித்திகா புருஷனாக நடந்து பார்த்தாள். என் சூட்கேசைத் தலையில் வைத்துக்கொண்டு, "இன்னாமே, வரியா வண்டிய புடிக்கட்டுமா?" என்றாள். அது என் நாடகத்தில் இல்லை.

நீ வருவாயா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். மூன்று வசனம். "நட." "திரும்பாத." "விளக்க அணைச்சியா?"

ஒன்று தெளிவாக இருக்கட்டும். இடம் கிடைத்தால் நான் போவேன். நீ வந்து நடிப்பதால் அது மாறாது. அப்படி நினைத்துக்கொண்டு வராதே.

லோயிஸ்


சித்தூர்
26 பிப்ரவரி

லோயிஸ்,

வருகிறேன். அன்றைக்குக் குடிபாலாவில் ஒரு கல்யாணம். இன்னொரு வீடியோக்காரன் தனசேகரிடம் விட்டுவிட்டேன். உன் பஸ் சித்தூர் வரும்போது நிலையத்தில் நிற்பேன்.

வருவதற்கு முன்னால் நாடகத்தைப் பற்றி ஒன்று. எழுதியவளுக்குக் கோபம் வரும், வரட்டும். நாற்பத்து மூன்று நிமிட நாடகத்தில் புருஷனுக்கு மூன்று வசனம். மூன்றும் அதிகாரம். நட, திரும்பாத, விளக்கு. ஒத்திகை முழுக்க அவன் முதுகைத்தான் பார்த்தேன். அவனும் அந்த வீட்டில்தானே இருந்தான்? பெட்டி அவன் தலையில்தானே இருக்கிறது? இறக்கி வைக்கவே முடியாத ஆளைத் திரும்பிப் பார்க்காதவன் என்று எழுதிவிட்டாய். திரும்பிப் பார்த்து அங்கேயே நின்றுவிட்ட பெண்டாட்டி கூட வரவில்லை என்று எங்கேயோ போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்குத் தெரியும். அதற்கு ஒரு வசனம்கூடக் கிடையாதா?

கூத்துக்காரருக்குப் பட்டை மறைத்தது என்று கோபப்பட்டாயே. இந்த ஆளை எது மறைக்கிறது?

ஆயர் இன்று, "ஆறு லெட்டருன்னு சொன்னேன், இன்னும் முடியலையா? அப்படி இன்னாப்பா எழுதுறீங்க?" என்றார். சினிமா என்றேன். சந்தேகமாகப் பார்த்தார்.

டைட்டஸ்


திருப்பதி
18 மார்ச்

டைட்டஸ்,

திரும்பி வந்த பஸ்ஸில் நான்கு மணி நேரம். அதில் ஓடிய படத்தைப் பற்றி மட்டும் பேசினோம். சத்தம் வராத படம். வில்லனுக்குப் பல் வலி என்றாய். பலமநேர்வரை அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். மற்றதை எழுதுகிறேன். அது நமக்கு இப்போது சுலபமாக இருக்கிறது.

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. நான் திரும்பினேன். எதிரில் மூன்று பேர். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறினேன். பிறகு பிடித்துவிட்டேன். நன்றாக வந்துகொண்டிருந்தது. இருபது, முப்பது விநாடி. பின்னாலிருந்து உன் குரல்.

"இன்னா, பின்னால சத்தத்தையே காணோம்?"

யார் உன்னைப் பேசச் சொன்னது? பேச்சில்லாத கட்டம் அது. நான் எழுதாத வசனம். வீட்டில் கேஸ் வந்ததா என்று கேட்கிற குரலில் கேட்டாய். தமிழ் தெரிந்தவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஓரத்திலிருந்த கன்னட அம்மா, உன் வசனம் என்னவென்று என்னைக் கேட்டார். அவருக்காக அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது என் குரல் சரியில்லாமல் போயிற்று.

அது கெட்ட வசனம். நாடகத்தில் வைக்க மாட்டேன். அதை இரண்டு தடவை எழுதிப் பார்த்து அடித்தேன் என்பதை உன்னிடம் சொல்லியிருக்கவும் கூடாது.

இடம் கிடைத்துவிட்டது. நேற்று மின்னஞ்சல் வந்தது. ஜூலை 1. ஒரு வருடம். பிரித்திகா கட்டிப்பிடித்துக்கொண்டு, "அப்ப இனிமே அந்த உக்காந்துகினே இருக்கிற படமெல்லாம் எனக்குக் கெடையாதா?" என்றாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

ஆயர் போன் செய்தார். முப்பதாம் தேதி ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு இரண்டு பேரும் வர வேண்டுமாம். வருவேன். போகிறேன் என்று சொல்வேன். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று அதற்கு முன்னாலேயே எனக்கு எழுது. அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் எதிரில், முதல் தடவையாக அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

லோயிஸ்


சித்தூர்
24 மார்ச்

லோயிஸ்,

சந்தோஷம் என்று எழுதிவிட்டு அடித்தேன். பொய் இல்லை, ஆனால் முழுதாகவும் இல்லை. அடித்ததை நீ பார்க்கலாம், மேலேயே இருக்கிறது.

நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. போகாதே என்று சொல்லவும் பிடிக்கவில்லை. இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. எனக்குள்ளேயே முடிவு செய்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். "பொண்டாட்டிய படிக்க அனுப்பிட்டு நீ இன்னா துன்னுவ?" என்றாள். அவள் சமைப்பதைத்தான் இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன் என்றேன். கோபித்துக்கொண்டு எலிசா அத்தை வீட்டுக்குப் போய், சாயங்காலம் மீன் குழம்போடு திரும்பி வந்தாள்.

நேற்றுக் கடையில் காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஜூன் 26 தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் பிறக்கிறது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் கல்யாணம் இல்லை. அது முடிவதற்குள் நம் பக்கம் ஆடி வந்துவிடும். ஆஷாடம் முடிந்ததும் தெலுங்கு வீட்டு ஆர்டர்கள் வரும், நல்ல ஆர்டர்கள். அவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தனசேகரிடம் பேசிவிட்டேன். ஆடி முடிய ஆகஸ்ட் 16. ஐம்பத்திரண்டு நாள். அந்த ஐம்பத்திரண்டு நாளும் நான் பெங்களூரில் இருப்பேன். நீ பள்ளிக்குப் போ. நான் சமைக்கக் கற்றுக்கொள்கிறேன். சாயங்காலம் உன்னுடைய அந்தப் படங்களைப் போடு. தூங்கினால் எழுப்பக் கூடாது.

அதற்குப் பிறகு ஆவணி. முகூர்த்தம் தொடங்கிவிடும், நான் இங்கே இருக்க வேண்டும். அந்த மிச்ச மாதங்களை எப்படிக் கழிப்போம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுத மாட்டேன். ஆயரிடமும் இதையேதான் சொல்வேன்.

ஆடியில் புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து வைக்கக் கூடாது, ஊரே பிரித்து வைக்கும் என்று கடை வாசலில் பூ விற்கும் கன்னியம்மாள் சொல்கிறாள். அது புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு என்றேன். "நீங்க ரெண்டு பேரும் இன்னா, பழசா?" என்றாள்.

அறை பார்க்க ஆரம்பித்திருப்பாய். ஒற்றைக் கட்டில் போட்ட அறையாகப் பார்த்துவிடாதே.

டைட்டஸ்